தலாக் பதிவைத் தேடி மட்டக்களப்புக்கு

மாத்தளையிலிருந்து மட்டக்களப்புக்குப் போக இரண்டு வழிகள் உண்டு. கண்டிக்கு இறங்கி, பொல்காவலையில் ரயில் ஏறிச் சுற்றிப் போவது ஒன்று. பஸ்ஸில் வடக்கே நாற்பத்து மூன்று மைல் போய், ஹபரணையில் இரவு ரயிலைப் பிடிப்பது மற்றொன்று. பள்ளிக்கூடத்தில் எனக்குக் கிடைத்த விடுமுறை நான்கே நாட்கள் என்பதால் இரண்டாவது வழியில் புறப்பட்டேன்.

போன காரியத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் மனைவி மௌத்தாகி மூன்று வருடங்கள் ஆகியிருந்தன. வீட்டில் அவள் விட்டுப்போன இரண்டு சிறு பிள்ளைகள். எங்கள் தெருவில் துணிக்கடை வைத்திருந்தவரின் தங்கை சுலைகாவை எனக்குப் பேசியிருந்தார்கள். அவர்கள் பூர்வீகம் மட்டக்களப்புக்குத் தெற்கே காத்தான்குடி. அங்கே ஆதம்பாவா என்பவரை மணந்து, ஏழு வருடங்களுக்கு முன் தலாக் ஆகி, அண்ணனிடம் வந்து சேர்ந்தவள் அவள். நாள் குறித்த பிறகு எங்கள் ஊர் விவாகப் பதிவாளர் ஒன்று கேட்டார்: "தலாக் பதிவின் நகல் எங்கே, மாஸ்டர்? புதுச் சட்டம் வந்து ரெண்டு வருசமாகுது. அது இல்லாம என்னால எழுத ஏலாது."

சுலைகாவின் அண்ணன் மஞ்சட்காமாலையில் படுத்திருந்தார். தங்கை தலாக்கான மாதத்தைக் குறித்து ஒரு கடிதம் மட்டும் எழுதிக் கையொப்பமிட்டுத் தந்தார். மாப்பிள்ளையாகப் போகிறவனே பெண்ணின் பழைய தலாக்கைத் தேடிப் போவது ஊருக்குச் சிரிப்பாக இருந்தது. எனக்கும் கொஞ்சம் கூச்சம்தான்.

ரயிலில் என் பக்கத்தில் இருந்த நூல் வியாபாரியிடம், காதியாரைத் தேடிப் போவதாகச் சொன்னேன். பொழுது விடிகிற நேரத்தில் ஓட்டமாவடிப் பாலம் வந்தது. ரயிலும் மாட்டு வண்டியும் ஒரே பாலத்தில்தான் போகின்றன. நாங்கள் கடக்கும்வரை வண்டிகள் அக்கரையில் வரிசையாகக் காத்து நின்றதை ஜன்னலால் பார்த்தேன். மட்டக்களப்பில் இறங்கியதும் வியாபாரி, "காத்தான்குடிக்கா? அப்ப நம்மட வண்டியிலயே வாங்க. காதியார்ர ஊட்டடியில உட்டுட்டுப் போறன்" என்றார். கல்லடிப் பாலத்தைத் தாண்டி, இடப்புறம் கடலும் வலப்புறம் வாவியுமாக மூன்று மைல். வண்டிக் கூலி கொடுக்கப் போனேன், வாங்கவில்லை.

முஸ்லிம்களின் விவாக, தலாக் வழக்குகளைக் கேட்கும் நீதிபதியைத்தான் காதியார் என்கிறோம். கோர்ட்டைப் போலக் கூண்டும் மேசையும் இருக்கும் என்று எண்ணிப் போனேன். அவருடைய வீட்டு முன்னறையே நீதிமன்றம். உட்கார ஒரு வாங்கு, ஒரு அலுமாரி, அவ்வளவுதான். பழைய பதிவுப் புத்தகங்களை எடுத்துப் பக்கம் பக்கமாகப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"கலியாணம் இரிக்கி, மாஸ்டர். தலாக் இல்ல."

"ஊரெல்லாம் அறிஞ்ச விசயமாச்சே!"

"ஓம், நானும் அறிவன். அந்தக் காலத்தில பள்ளியில பதிவு பாத்த லெப்பை ஒரு துண்டில எழுதி வெச்சிருப்பாரு. புத்தகத்தில ஏத்தல்ல. அவரும் மௌத்தாகிட்டாரு. எழுத்துப்படி பாத்தா அவ இன்னும் ஆதம்பாவாட பொண்டாட்டிதான்."

என் முகம் போன போக்கைப் பார்த்து அவர் குரலைத் தணித்தார். ஆதம்பாவா நேரே வந்து, தாம் அன்று தலாக் சொன்னது உண்மை என்று இரண்டு சாட்சிகள் முன் ஒப்புக்கொண்டால் அன்றைக்கே பதிந்து நகல் தரலாம். வர மறுத்தால் அழைப்பாணை, விசாரணை என்று மாதக்கணக்காகும். இல்லவே இல்லை என்று ஆதம்பாவா சாதித்துவிட்டால் என்ன ஆகும் என்பதைக் காதியாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஆதம்பாவா மறுமணம் செய்து, இரண்டாம் மனைவியின் வீட்டில் இருந்தார். மட்டக்களப்புப் பக்கத்தில் ஆண்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோவது வழக்கம். நான் முற்றத்தில் நின்று ஸலாம் சொன்னேன். கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குரல் பதில் சொன்னது.

"அவரு இல்ல. உன்னிச்சை வட்டையில சூடு மிதிக்காங்க. என்ன விசயம்?"

நெல்வயற் பரப்பை அங்கே வட்டை என்கிறார்கள்; அறுத்த கதிரை மாடு விட்டு மிதிப்பது சூடு மிதிப்பு. விஷயத்தை அந்தப் பெண்ணிடம் சொல்வதா வேண்டாமா என்று தடுமாறினேன். கடைசியில் உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டேன். கதவுக்குப் பின்னால் காலடி உள்ளே போகும் சத்தம் கேட்டது. காரியம் கெட்டது என்றே நினைத்தேன்.

"மாஸ்டர், இரிங்க" என்றது குரல். சிறிது நேரத்தில் ஓலைப் பெட்டி ஒன்று படியில் வைக்கப்பட்டது. "இதில அவருக்கு அவலும் சக்கரையும் இரிக்கி. நீங்களும் தின்னுங்க. நான் வரச் சொன்னண்டு சொல்லுங்க. ஒரு பொம்புளய ரெண்டு ஊட்டுக்கு நடுவுல நிப்பாட்டி வைக்கப்படாது. சின்னவனுக்குக் காய்ச்சல் உட்டுட்டு எண்டும் சொல்லுங்க, யோசிச்சிக்கிட்டு இரிப்பாரு."

அன்று மாலை மண்முனைத் துறையில் வாவியைக் கடந்தேன். வள்ளங்களை இணைத்துப் பலகை அடித்த மிதவைக்கு அங்கே பாதை என்று பெயர். ஆட்களும் மாடுகளும் நெல் ஏற்றப் போகும் வெறும் வண்டிகளும் ஒன்றாக ஏறினோம். மேற்கே சூரியன் இறங்கும் பக்கமாதலால் அக்கரைக்குப் படுவான்கரை என்று பெயர். இரவு கொக்கட்டிச்சோலையில் ஒரு தேநீர்க் கடை வாங்கில் படுத்தேன். விடியுமுன் வண்டி பிடித்தேன். உன்னிச்சைக்குப் பன்னிரண்டு மைல் இருக்கும் என்றார் வண்டிக்காரர். வழிநெடுக அறுத்த வயல்கள். குளத்து நீர் பாய்ந்து விளைச்சல் அந்த வருடம் நன்றாக இருந்ததென்று அவர் மகிழ்ச்சியாகச் சொல்லிக்கொண்டு வந்தார்.

நெல் மிதிக்கும் களத்தை அவர்கள் களவெட்டி என்கிறார்கள். எருமைகள் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தன. பக்கத்தில் தூற்றாத நெல் ஆளுயரத்துக்குக் குவிந்து கிடந்தது. தலையில் துவாயைக் கட்டிக்கொண்டு எருமைகளை ஓட்டிக்கொண்டிருந்த ஒல்லியான மனிதர்தான் ஆதம்பாவா. சுலைகாவின் பெயரைச் சொன்னதும் அவர் கைகள் நின்றுவிட்டன.

"ஏழு வருசத்துக்குப் பொறகு என்னத்துக்கு வந்திரிக்கீங்க? வழக்குப் போடவா?"

"இல்ல. அவங்கள நான் கலியாணம் முடிக்கப் போறேன். அதுக்கு உங்க வாய்ச்சொல் வேணும்."

என்னை மேலும் கீழும் பார்த்தார். காதியார் சொன்னதைச் சொன்னேன். அவர் மனைவி சொன்னதையும் சொன்னேன். பெட்டியைக் கையில் வாங்கியபடி, "காய்ச்சல் உட்டுட்டாமா?" என்று மட்டும் கேட்டார். பிறகு கிழக்கே பார்த்தார். கடற்பக்கம் முகில் கறுத்துக்கொண்டு வந்தது. மழை விழுந்தால் அந்தக் குவியல் நனைந்து முளைத்துவிடும். ஒரு போகத்துப் பாடு முழுவதும் அதில்தான் இருந்தது.

எனக்கே மனம் கேட்கவில்லை. "தூற்றி முடிச்சிட்டு வாங்க. நான் காத்திருக்கேன்" என்றேன். என் விடுமுறை முடிந்துவிடும் என்று தெரிந்துதான் சொன்னேன்.

பக்கத்துக் களவெட்டியிலிருந்து வேலாப்போடியார் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறார். அந்த வட்டையில் நிறைய வயல் வைத்திருந்த தமிழர் அவர். "நீ போ மனே" என்றார் ஆதம்பாவாவிடம். "மழை வந்தா வைக்கல போட்டு நாங்க மூடுவம். எங்கட நெல்ல மூடுற கை உன்ர நெல்ல மூடாதா?"

ஆதம்பாவா துவாயை அவிழ்த்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு வண்டியில் ஏறினார்.

பன்னிரண்டு மைல் வண்டியில் வந்தோம். ஒரு பெட்டி அவலை இரண்டு பேரும் பகிர்ந்து தின்றோம். பாதையில் ஏறி நடு வாவிக்கு வந்ததும் அவராகவே வாய் திறந்தார்.

"அவவில ஒரு குத்தமும் இல்ல, மாஸ்டர். புள்ள இல்ல எண்டு எங்கட உம்மா நெருக்கினா. நான் வாயத் தொறக்கல்ல." சற்றுப் பொறுத்து, "உங்களுக்குப் புள்ள இரிக்கா?" என்று கேட்டார்.

"ரெண்டு. தாயில்லாப் பிள்ளைகள்."

தண்ணீரைப் பார்த்தபடி தலையசைத்தார். "அப்ப அவவுக்குப் புள்ள கிடைச்சிட்டு."

பாதை கரை தட்டும்வரை அவர் பக்கத்திலேயே நின்றேன்.

மாலை மஃரிப் தொழுகை முடிந்ததும் காதியார் பள்ளிவாசலிலிருந்து இரண்டு பேரைச் சாட்சிக்கு அழைத்துக்கொண்டு வந்தார். ஆதம்பாவா வாங்கில் உட்காரவில்லை. நின்றே பதில் சொன்னார்.

"நீ தலாக் சொன்னது நெசமா?"

"நெசம். ஏழு வருசத்துக்கு முந்தி, ஐப்பசியில, நம்மட லெப்பைக்கு முன்னால."

"அதுக்குப் பொறகு சேர்ந்து வாழ்ந்தீங்களா?"

"இல்ல. ஒரு நாளும் இல்ல."

அண்ணன் எழுதித் தந்த கடிதத்திலும் அதே மாதந்தான் இருந்தது. காதியார் பதிந்தார், சாட்சிகள் கையொப்பமிட்டனர். நகலில் முத்திரை வைத்து மை காய ஊதி என் கையில் தந்தார். அன்று அவர் வீட்டிலேயே சோறும் படுக்கையும். இரவு மழை பெய்தது. ஓட்டில் விழுந்த சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, எனக்காகக் களத்தை விட்டு வந்த மனிதரை நினைத்துக் கண்ணை மூட முடியாமல் கிடந்தேன்.

காலையில் துறைப்பக்கமிருந்து வந்த வண்டிக்காரர்தான் செய்தி சொன்னார்: வேலாப்போடியாரின் ஆட்கள் மழைக்கு முன்பே குவியலை மூடிவிட்டார்களாம்; ஒரு மணியும் நனையவில்லை. வேலாப்போடியார் சொன்னால் செய்வார் என்று ஆதம்பாவாவுக்கு முன்பே தெரிந்திருந்தது. கல்லடிப் பாலம்வரை என்னுடன் வந்தார். பிரியும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவவ என்னப் பொருந்திக்கச் சொல்லுங்க" என்றார். மன்னித்துவிடு என்பதை எங்கள் ஆட்கள் அப்படித்தான் கேட்பார்கள்.

மாத்தளை மலைகளுக்கு நடுவில் பிறந்து வளர்ந்தவன் நான். எங்கள் ஊரில் எட்டு மணிக்குமேல் அந்நியன் ஒருவன் கதவைத் தட்டினால் விளக்கைத் தணித்துவிட்டு உள்ளேயிருந்து பெயர் கேட்போம். வாவிக்கரையில் என்னை முன்பின் அறியாதவர்கள் எனக்கு வண்டி தந்தார்கள், சோறு தந்தார்கள், அறுவடையையே விட்டுவிட்டு வந்தார்கள். பதிவாளர் அந்த நகலை ஒரு தடவை பார்த்துவிட்டுக் கோப்பில் செருகினார். அதற்குப் பின்னால் இருந்தவர்களை நான்தான் அறிவேன்.

சுலைகாவுக்குத் திரைக்கு இப்பால் நின்று ஆதம்பாவா கேட்டதைச் சொன்னேன்.

"அவருக்குப் பிள்ளைகள் இருக்கா?" என்று கேட்டாள்.

"மூணு பேர்."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றாள். அந்தச் சொல்லில் கசப்பு கொஞ்சமும் இல்லை. "நான் பொருந்திட்டேன்னு இன்னைக்கே எழுதிப் போடுங்க."

எழுதி, தபாற்பெட்டியில் போட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தபோதுதான் என் பயணம் முடிந்ததாக உணர்ந்தேன்.