மாமியின் சைக்கிளும் மெல்லிய குச்சிகளும்

மாமியின் சைக்கிளில் சீற்றுக்குக் கீழே இருந்த குழாய் வெடித்து முறிந்தபோது எனக்கு எட்டு வயது. மாமி அப்பாவின் தங்கை. எங்கள் ஊரான சுருவிலிலும் அயலூர்களிலும் பிள்ளைப்பேறு பார்க்கும் மருத்துவமாது. சைக்கிள் இல்லாவிட்டால் வெயிலில் நடைதான். ஆனாலும் அது வெடித்த செய்தி கேட்டு மகிழ்ந்த ஒருவர் எங்கள் வீட்டில் இருந்தார். அவர் என் சித்தப்பா.

சித்தப்பா மாமிக்கும் இளையவர். அரசாங்கக் கந்தோரில் எழுதுவினைஞர். கப்பலில் வேலை செய்த சிநேகிதர் கொண்டுவந்து கொடுத்த சின்ன வெல்டிங் மெஷின் ஒன்று அவரிடம் இருந்தது. வீட்டு மின்சாரத்திலேயே வேலை செய்யும். அதுவரை அது எதையும் ஒட்டியதில்லை.

“வீட்டிலை மெஷின் இருக்கேக்கை வெளியிலை குடுக்கிறதே, அக்கா?” என்று சைக்கிளைப் பறித்துக்கொண்டார்.

முதல் நாள், உருக்கி ஒட்டும் வெல்டிங் குச்சி சைக்கிளோடு ஒட்டிக்கொண்டு உறுமியது. பியூஸ் போய், பாடிக்கொண்டிருந்த ரேடியோ நின்றது. நாலாவது பியூஸும் போனபிறகு சித்தப்பா காரணத்தைக் கண்டுபிடித்தார். மெஷின் சின்னது, குச்சி மொத்தம். மெல்லிய குச்சி வேண்டும்.

வெளிநாட்டுச் சாமான் அருந்தலாக, எப்போதாவதுதான் வந்த காலம் அது. இரண்டு சனிக்கிழமை யாழ்ப்பாணத்துக் கடைகளெல்லாம் ஏறி இறங்கினோம். எங்கும் வாசல் இரும்புப் படலை ஒட்டும் மொத்தக் குச்சிதான். இதற்கிடையில் ஒரு நாள் மாமி நடந்து போய்ச் சேருமுன்னரே பிள்ளை பிறந்துவிட்டது. தாயும் பிள்ளையும் சுகம்தான். மாமி வீங்கிய கால்களைச் சுடுதண்ணீரில் வைத்துக்கொண்டிருந்தார். சித்தப்பா அன்று இரவு சாப்பிடவில்லை.

குச்சியைக் கண்டுபிடித்தது நான். அடுத்த ஒழுங்கையில், தெற்கே இரும்புக்கடை வைத்திருந்துவிட்டு ஊரோடு வந்துவிட்ட குடும்பம் ஒன்று இருந்தது. அங்கே விளையாடப் போனபோது தக்காளிக் கன்றுகளுக்கு மெல்லிய சாம்பல்நிறக் குச்சிகள் ஊன்றியிருந்ததைப் பார்த்தேன். ஒன்றைப் பிடுங்கி வந்தேன். சித்தப்பா சேட்டும் போடாமல் ஓடினார்.

“பிடுங்கினால் கண்டு சரிஞ்சு போம், தம்பி,” என்றார் அந்த வீட்டுக்கார அம்மா.

“நான் வேறை தடி ஊண்டித் தாறன்.”

குச்சிக்கு ஒன்றாகக் கிளுவந்தடி வெட்டி நட்டுப் பதினேழு குச்சிகளோடு திரும்பினோம். மண்ணில் நின்று அவற்றின் பூச்சு ஊறியிருந்தது. ஈரம் போகச் சித்தப்பா அம்மாவின் தாச்சியில் போட்டு வறுத்தார். அந்தத் தாச்சியை அம்மா சாம்பல் போட்டு மூன்று தரம் மினுக்கினார்.

இந்தமுறை பியூஸ் போகவில்லை. அந்த வெளிச்சம் கண்ணுக்குக் கூடாதென்று எங்களையெல்லாம் சுவரைப் பார்த்து நிற்கச் சொல்லிவிட்டு, பொறி பறக்கப் பறக்க ஒட்டினார். முறிந்த இடத்தில் கொழுக்கட்டை அளவில் ஒரு கட்டி வந்தது. மாமி அதை விரலால் தடவிப் பார்த்தார்.

“நல்லாய் இருக்குத் தம்பி,” என்று சைக்கிளில் ஏறி முற்றத்தை இரண்டு தரம் சுற்றி ஓடினார்.

அடுத்த நாள், ரயர் மாற்ற வேண்டும் என்று சொல்லி, சைக்கிளை பஸ்ஸின் மேலே ஏற்றி, என்னையும் கூட்டிக்கொண்டு மாமி யாழ்ப்பாணம் போனார். பட்டறைக்காரர் குழாயில் காலை வைத்து ஓர் அமத்து அமத்தினார். கட்டி கழன்று விழுந்தது.

“ஆர் அக்கா இதை ஒட்டினது?” என்று சிரித்தார்.

“என்ரை தம்பி,” என்றார் மாமி. பட்டறைக்காரர் சிரிப்பை நிறுத்தினார். மாமி தொடர்ந்தார்: “வடிவாய் ஒட்டித் தாரும். ஆனால் மேலை அந்தக் கட்டி முந்தி மாதிரியே இருக்கவேணும்.”

“வடிவாய் ஒட்டினால் கட்டி வராது.”

“வரப் பண்ணும்.”

பிறகு எனக்கு ஐஸ்கிறீம் வாங்கித் தந்தார். தொண்டை வீக்கத்துக்காக அம்மா எனக்கு மறித்திருந்த சாமான் அது. “இண்டைக்கு நடந்ததை வீட்டிலை சொல்லிப் போடாதை,” என்றார் மாமி. நான் சத்தியம் செய்தேன்.

இரவு சித்தப்பா விசாரித்தார். ஐஸ்கிறீமை மறைத்துவிட்டு மீதியெல்லாம் சொன்னேன். அவர் எழுந்து போய்ச் சைக்கிளின் கட்டியைத் தொட்டுக்கொண்டு வெகுநேரம் நின்றார். திரும்பி வந்து, “நீ எனக்குச் சொன்னதை மாமியிட்டைச் சொல்லாதை,” என்றார்.

அதன்பிறகு வருகிறவர்களிடம் மாமி அந்தக் கட்டியைக் காட்டி, “தம்பி ஒட்டினது,” என்பார். சித்தப்பாவும் “ஓம், ஓம்” என்பார். பிறகு இருவரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்ப்பார்கள். ஐஸ்கிறீம் விசயம் பிடிபட்டுவிட்டது என்று பயந்து நான் குசினிக்குள் ஓடிவிடுவேன்.