குவித்து அளந்த கச்சானும் தலைதட்டி அளந்த கச்சானும்

கச்சான் நிமல் அண்ணை போய்விட்டார்.

இன்று காலை. நெஞ்சு நோகுது என்று கதிரையில் சாய்ந்தவராம், அவ்வளவுதான்... மன்னார் பஸ் நிலையத்தில் அவருடைய வண்டில் மூடியபடி நிற்கிறது. ஓட்டோக்காரர்கள் அதில் வெள்ளைக் கொடி கட்டியிருக்கிறார்கள்.

வெளிநாட்டில் இருக்கும் பழைய ஆட்களுக்கு நிமல் என்றால் தெரியாது. 'செல்வம்' என்றால் தெரியும். ஓம்... அந்தச் செல்வமேதான்.

யுத்தம் முடிந்த கையோடு என் போட்டோகொப்பிக் கடைக்கு எதிரே ஒருவர் கச்சான் கடலை வண்டிலோடு வந்து நின்றார். பெயர் செல்வம், ஊர் மலைநாட்டுப் பக்கம் என்றார். நல்ல தமிழ். சாரம், பழைய சேர்ட், தேய்ந்த செருப்பு... எல்லாம் கச்சிதம்.

ஒரே ஒரு பிழை. அளக்கிற சுண்டுப் பேணியைக் குவித்து, வழிய வழிய அளந்து, மேலே இன்னொரு பிடியும் அள்ளிப் போட்டுத் தந்தார்.

லாபத்தில் அக்கறையில்லாத கச்சான்காரரை மன்னார் அதுவரை கண்டதில்லை. அன்று பின்னேரமே சந்தி முழுக்கத் தெரிந்துவிட்டது. ஆள் ஆமி. புலனாய்வு.

மிச்சச் சந்தேகத்தை ஒரு கழுதை தீர்த்து வைத்தது. எங்களூர்க் கழுதைகள்தான் யாரையும் கணக்கெடுப்பதில்லையே... ஒன்று வந்து சாக்குக்குள் வாயை விட, செல்வம் சுத்தச் சிங்களத்தில் ஏசினார். கழுதைக்கும் விளங்கியது. எங்களுக்கும் விளங்கியது.

ஆமிக்காரனுக்கு அஞ்சலியோ என்று கொமெண்ட்டில் ஏசப்போகிறவர்கள் ஏசுங்கோ. அந்த நாளில் அவரைக் கண்டால் நானும் போட்டோகொப்பி மெசினுக்குப் பின்னால் ஒளித்தவன்தான்.

"அந்தாள் நிக்கேக்க வாயைத் திறக்காத" என்று அம்மா காலையும் மாலையும் சொல்லுவா. யாருக்கு? எனக்கு! அடுத்த தெருக் கறியில் உப்புக் கூடினாலும் முதலில் அறிந்து, முதலில் அறிவிக்கிறவன் நான். கொஞ்ச நாள் தாக்குப்பிடித்தேன். பிறகு வருவது வரட்டும் என்று கதைக்கத் தொடங்கினேன். அந்தாளும் கச்சானை வறுத்தபடி கேட்டுக்கொண்டே இருந்தார்...

பிறகு ஒருநாள் ஆளைக் காணவில்லை. மாற்றலாகிப் போய்விட்டார் என்றார்கள்.

சில வருடம் கழித்து, அதே இடத்தில் ஒரு புது வண்டில். பின்னால் அதே ஆள், கொஞ்சம் நரைத்து.

"தம்பி, என்ர பேர் நிமல். ஆமியை விட்டிட்டன். இனி உண்மையாக் கச்சான் விக்கப்போறன்."

"அதுக்கு ஏன் அண்ணை இஞ்ச? உங்கட ஊரில விக்கலாமே?"

"ஆமியில இத்தனை வருசம் நிண்டு நான் படிச்ச ஒரே தொழில் கச்சான் வறுக்கிறது. அதையும் இந்தச் சந்தியிலதான் படிச்சனான். வேற எங்க போறது, சொல்லுங்கோ?"

யார் நம்புவது? அவரைக் கண்டதும் போனில் கதைத்தவர்கள் போனை வெட்டினார்கள். வாங்க வந்த இரண்டொருவரும் "மழை வருமோ" என்பதற்கு மேல் வாய் திறக்கவில்லை. வறுத்த கச்சானில் பாதி கழுதைகளுக்குப் போனது. இப்படியே போனால் வண்டிலை விற்க வேண்டியதுதான் என்றார் ஒருநாள்.

அவரைக் காப்பாற்றியது ஒரு சண்டை.

தலைமன்னார் பஸ்ஸுக்கு நின்ற மீன்கார அக்கா ஒருவர் கச்சான் கேட்டார். நிமல் அண்ணை சுண்டைத் தலைதட்டி, விரலால் வழித்து அளந்தார்.

"என்ன இது, பிச்சை போடுறியளோ? முந்திக் குவிச்சுக் குவிச்சுத் தந்தனீங்கள்!"

"அக்கா, அது அரசாங்கத்தின்ர கச்சான். இது என்ர கச்சான்!"

பஸ் நிலையமே சிரித்தது. அன்றுதான் நம்பினோம். ஆள் உண்மையாகவே விலகிவிட்டார்.

ஆனாலும் ஒரு விஷயத்தில் கடைசிவரை கவனம். யாரைப் பற்றி யார் கேட்டாலும் ஒரே பதில்... "தெரியாது." மாப்பிள்ளை எப்படி என்று சந்தியில் வந்து விசாரிப்பது இங்கே வழக்கம். ஓட்டோக்காரர் சொல்வார்கள், கடைக்காரர் சொல்வார்கள். நிமல் அண்ணைக்கு மட்டும் தெரியாது.

"உங்களுக்குத் தெரியாததே, அண்ணை?"

"தம்பி, நான் ஒராளைப் பற்றி ஒரு சொல்லுச் சொன்னால் போதும். 'பாத்தியளே, இன்னும் அந்த வேலைதான்' எண்டுவினம். பிறகு ஆர் என்னட்டக் கச்சான் வாங்குவினம்?"

எனக்கோ நாற்பதைத் தொட்டும் பெண் கிடைக்கவில்லை. விசாரிக்க வந்தவர்கள் எல்லோரும் ஓட்டோக்காரரோடு கதைத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டார்கள். என் வாயின் புகழ் அப்படி. வங்காலையிலிருந்து வந்த மாமா, அதாவது என் மனைவியின் அப்பா, மட்டும் சம்மதம் என்றார். என் அழகுதான் காரணம் என்று இத்தனை வருடமாக நம்பியிருந்தேன்...

இன்று செத்தவீட்டால் வரும்போது என் மனைவி றெஜினா அழுதழுது சொன்னாள். மாமா அன்று கடைசியாகக் கேட்டது நிமல் அண்ணையிடமாம். வழமையான "தெரியாது" வந்ததாம். மாமா திரும்பி நடக்க, வண்டிலை அப்படியே விட்டுவிட்டுப் பின்னால் வந்து சொன்னாராம்.

"ஐயா, இந்தப் பொடியனை நான் ரெண்டு வருசம் கவனிச்சனான். அப்ப அது என்ர வேலை. இவருக்கு மனசில ஒண்டு வந்தால் அடுத்த நிமிசம் வாயில நிக்கும். ஒளிக்கத் தெரியாத மனுசன். பயப்பிடாமல் பிள்ளையைக் குடுங்கோ. நான் சொன்னனெண்டு மட்டும் ஆருக்கும் சொல்லாதீங்கோ... முக்கியமா இவருக்கு."

"ஏனப்பா இவ்வளவு காலமும் எனக்குச் சொல்லேல்ல?" என்றேன்.

"உங்களுக்குச் சொன்னால் விடியமுதல் மன்னார் முழுக்கத் தெரியும். அந்த மனுசன்ர யாவாரம் என்னாகிறது?"

நாளைக் காலை பெட்டி அவருடைய சொந்த ஊருக்குப் போகிறது. வேன் பிடித்திருக்கிறோம். வருகிறவர்கள் என் கடையடிக்கு வாங்கோ.

அண்ணை... கேட்டு ஒரு மணித்தியாலம் ஆகவில்லை, இதோ ஊர் உலகத்துக்கே சொல்லிவிட்டேன். நீங்கள் என்னைப் பற்றிச் சொன்னது சரிதான்.

போயிட்டு வாங்கோ.