ஃபேன் சுவிட்சும் ஒரு சாம்பியனும்

புதுச்சத்திரத்தில் காலியாகக் கிடந்த எங்கள் கோழி ஷெட்டைச் சுற்றித் தார்ப்பாய் கட்டி, மகளுக்கு ஷட்டில் கோர்ட் போட்டுக் கொடுத்திருந்தோம். வருஷா வருஷம் நடக்கும் ஒரு சர்வதேசப் போட்டியின் சாம்பியன்கள் பெயரையெல்லாம் அவள் மனப்பாடமாக ஒப்பிப்பாள்.

அந்தப் பட்டியலில் இருந்த ஒரு வீராங்கனையின் கார், ஒருநாள் எங்கள் பண்ணை வாசலில் பஞ்சராகி நின்றது. டயர் மாற்றும்வரை மகளோடு ஆட ஒப்புக்கொண்டார். விட்டுக்கொடுத்து ஆடினாரோ என்னவோ, மகள் ஜெயிக்க இன்னும் ஒரே பாயிண்ட்.

உச்சி வெயில். கோழிகள் மூச்சு வாங்கினால் ஃபேனைப் போடுவது என் இருபது வருஷப் பழக்கம். அவர்கள் இருவரும் மூச்சு வாங்குவதைப் பார்த்ததும் என் கை தானாகச் சுவிட்சைத் தட்டிவிட்டது.

மகள் அடித்த இறகுப் பந்து அந்தரத்தில் தயங்கி, மிதந்து, கோட்டுக்கு வெளியே மெல்ல இறங்கியது.

"ஏம்மா இப்படிப் பண்ணுன?" மகள் அழுதேவிட்டாள்.

"கோழிக்குப் போடற பழக்கமுங்க, மன்னிச்சுக்கோங்க சாமி," என்றேன் அவரிடம்.

அவர் பந்தை எடுத்து வெகுநேரம் பார்த்தார். "நான் ஜெயிச்ச ஃபைனல்லயும் ஏசி காத்து அடிச்சது. வெளியே போக வேண்டிய என் கடைசிப் பந்த, காத்துதான் கோட்டு மேல இறக்குச்சு. யார்கிட்டயும் சொன்னதில்ல. ஃபேன் ஓடட்டும்மா."

அப்புறம் இருவரும் பாயிண்ட் எண்ணாமலே ஆடினார்கள். பந்து கனவில் போல மிதந்து மிதந்து போனது.

அவர் யாரென்று கேட்காதீர்கள். மகள் இப்போதும் பட்டியலை ஒப்பிக்கிறாள். ஒரு பெயர் வரும்போது மட்டும் என்னைப் பார்த்து, உதட்டைக் குவித்து மெல்ல ஊதுகிறாள்.