நாலாவது வரிசைக்கு அரைக் குவளை அதிகம்

எங்கள் ஆராய்ச்சிப் பண்ணையில் அவரைக் குவளைக்காரர் என்றுதான் கூப்பிடுவோம். கண்ணாடிக் கூடத்துத் தொட்டிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவது அவர் வேலை. தொட்டிக்கு ஒரு குவளை. கூடவும் கிடையாது, குறையவும் கிடையாது. பதினெட்டு வருடமாகத் தற்காலிக ஊழியர். டாக்டரம்மா வருடா வருடம் கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த வருடம் வேலை. டாக்டரம்மா ஊசி போடுகிறவர் அல்ல, பயிர்களைப் படித்தவர். குவளைக்காரர் செடிகளோடு பேசுவார். பக்கத்து அறையில் தராசோடு உட்கார்ந்திருக்கும் என்னிடம் பேசியதைவிட அதுகளிடம் பேசியதுதான் அதிகம். எனக்கு அதில் கொஞ்சம் பொறாமைகூட உண்டு.

அந்தப் பருவத்தில் ஊமத்தை விதையை அரைத்து, ஊறவைத்து, வடித்த சாற்றைச் சோயாச் செடிகளுக்கு விட்டுப் பார்த்தோம். வயலில் ஊமத்தை காய்த்துக் கொட்டினால் சோயாவுக்கு எவ்வளவு கேடு என்று தெரிய வேண்டும். நாலு வரிசை, வரிசைக்குப் பன்னிரண்டு தொட்டி. முதல் வரிசைக்குச் சாறே கிடையாது. அடுத்த இரண்டுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, நாலாவதற்குக் கெட்டிச் சாறு. அதை வாரம் ஒருமுறை டாக்டரம்மாவே அளந்து ஊற்றுவார். தினசரித் தண்ணீர் மட்டும் குவளைக்காரர் பொறுப்பு.

மூன்றாவது வாரம் நாலாவது வரிசை மஞ்சளடித்துத் தலையைத் தொங்கப் போட்டது. குவளைக்காரருக்கு மனசு கேட்கவில்லை. யாரும் இல்லாத நேரத்தில் அந்த வரிசைக்கு மட்டும் அரைக் குவளை கூடுதலாக ஊற்ற ஆரம்பித்தார். தொட்டியின் அடித்துளை வழியே தண்ணீர் ஓடியது, அதோடு நஞ்சும் ஓடியது. செடிகள் நிமிர்ந்தன. யாரிடமும் அவர் மூச்சு விடவில்லை.

அறுவடையன்று நான்தான் எடை போட்டேன். நாலாவது வரிசை முதல் வரிசைக்குச் சமமாகக் காய்த்திருந்தது. டாக்டரம்மாவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. சோயா ஊமத்தையைத் தாங்கிக்கொள்ளும், விவசாயிகள் பயப்பட வேண்டாம் என்று அன்றைக்கே துண்டறிக்கை எழுத உட்கார்ந்துவிட்டார். குவளைக்காரர் வாசலில் நின்று கேட்டுவிட்டு, குவளையைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் அக்கா வீட்டுக்குப் போயிருக்கிறார். அக்காவுக்கு இருந்ததே ஒரு சோயா வயல்தான். இவர் வாய் தவறி எடைக் கணக்கைச் சொல்லப்போக, அந்தம்மாள் பிடித்துக்கொண்டார்.

"அப்ப ஊமத்தையப் பிடுங்க வேணாமா? எனக்கு இடுப்பு விட்டுப்போச்சுடா. இந்த வருஷம் அப்படியே விட்டுடறேன்."

"கொஞ்சம் பொறுக்கா."

"நீதானே சொன்ன, நல்லாக் காய்ச்சுதுன்னு?"

பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்துவிட்டதாகப் பிறகு என்னிடம் சொன்னார்.

திங்கட்கிழமை காலை, டாக்டரம்மா என் அறையில் எடைத்தாளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது வந்தார். அவருடைய வேலை நீட்டிப்புத் தாளும் அதே மேசையில் கையெழுத்துக்காகக் கிடந்தது. அவர் வாயைத் திறந்ததும், கையெழுத்து ஆகும்வரை ஒரு நாள் பொறுத்திருக்கலாமே என்று என் மனசு அடித்துக்கொண்டது.

"அம்மா, அந்தக் காய் பொய்க் காய். நாலாவது வரிசைக்கு அரைக் குவளை கூட ஊத்திட்டேன். தினமும்."

"ஏன்?"

"வாடிச்சு. பாத்துக்கிட்டு இருக்க முடியல."

டாக்டரம்மா கத்தியிருந்தால் தேவலை. எடைத்தாளின் குறுக்கே ஒரு கோடு போட்டார். துண்டறிக்கையைக் கிழித்தார். நீட்டிப்புத் தாளை இழுத்துக் கையெழுத்துப் போட்டுத் தள்ளினார். "மறுபடி விதைங்க" என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டு எழுந்து போனார். அதோடு குவளைக்காரரிடம் பேச்சை நிறுத்திவிட்டார். ஒரு பருவ உழைப்பு போன கோபம். நானாக இருந்தால் கையெழுத்தும் போட்டிருக்க மாட்டேன்.

இரண்டாம் முறை வேண்டுமானால் நான் தண்ணீர் ஊற்றுகிறேன் என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

"நான் கெடுத்தது. நானே ஊத்தறேன்."

ஊற்றினார். தொட்டிக்கு ஒரே குவளை. நாலாவது வரிசை மஞ்சளடித்தது, பிறகு பழுப்பாகியது. அந்த வரிசைக்கு வந்ததும் அவர் பேச்சு நின்றுவிடும். குவளையை விளிம்புவரை நிரப்பி, கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்து, ஊற்றிவிட்டு அடுத்த தொட்டிக்கு நகர்வார். எனக்கு அதைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. அவருக்கு எப்படி இருந்திருக்கும்?

பூக்கும் பருவத்தில் ஒரு காலை டாக்டரம்மா கூடத்துக்கு வந்தார். நாலாவது வரிசையில் ஒன்பது தொட்டிச் செடிகள் செத்திருந்தன. மீதி மூன்றில் விரலளவு குச்சிதான் மிச்சம். ஒவ்வொரு தொட்டியிலும் மண்ணைத் தொட்டுப் பார்த்தார். எல்லாம் ஒரே ஈரம். குவளைக்காரர் ஓரமாகத் தலைகுனிந்து நின்றார்.

"நல்லாப் பாத்துக்கிட்டீங்க" என்றார் டாக்டரம்மா.

குவளைக்காரர் கையில் தண்ணீரோடு நின்றபடியே அழுதார்.