அன்ரனின் படகில் என் தம்பி

அன்ரனின் மகள் நிரோஷியின் அழைப்பு வந்தபோது நான் பல்வைத்தியரின் கதிரையிலிருந்து அப்போதுதான் எழும்பியிருந்தேன். ஊசி போட்டதில் இடப்பக்க வாய் விறைத்துக் கிடந்தது. "மாமா, அப்பா காலமை மோசம் போயிட்டார். படகிலை இல்லை, வீட்டிலைதான். கோப்பி குடிச்சுக்கொண்டிருந்தவர்" என்று பாரிஸிலிருந்து அவள் சொன்னாள். "ஐயோ பிள்ளை" என்ற இரண்டு சொல்லும் எனக்கு ஒழுங்காக வரவில்லை. நான் அழுகிறேன் என்று அவள் நினைத்துக்கொண்டாள். எனக்கு அழுகை வரவில்லை. அதற்கான காரணத்தை, குருநகரிலும் பாரிஸிலும் அன்ரனைத் தெரிந்த உங்கள் எல்லோருக்கும் இந்த நினைவு மலரில் எழுதுகிறேன்.

அன்ரன் வீட்டுக்கு ஒரே பிள்ளை. ஆறேழு பிள்ளைகள் பிறந்த வீடுகள் நிறைந்த எங்கள் தெருவில் அது பெரிய குறை. அதனால் பாதி நாள் எங்கள் வீட்டில்தான் சாப்பிடுவான். என் தம்பி ஜெயசீலன் என்னைக் கூப்பிடுவது போலவே அவனையும் அண்ணை என்றுதான் கூப்பிடுவான். ஒருமுறை அன்ரனும் நானும் அவன் தகப்பனின் வள்ளத்தைக் கேட்காமல் எடுத்துப்போய்ச் சுக்கானை முறித்துவிட்டோம். கரைக்கு வந்ததும் சுறா அடித்துவிட்டது என்று அவன் சொன்ன கதையைக் கேட்கத் தெருவே கூடியது. கூட இருந்த நானே கொஞ்சம் நம்பிவிட்டேன்.

போர் தொடங்கிய காலத்திலேயே அவன் விமானம் ஏறிவிட்டான். பாரிஸில் சாப்பாட்டுக்கடைக் குசினிகளில் கோப்பை கழுவி முப்பது வருடம் நின்றான். மனைவி இறந்த பிறகு, யாரும் எதிர்பாராமல், கிரேக்கத் தீவு ஒன்றில் பழைய பாய்ப்படகு ஒன்றை வாங்கினான். ஒவ்வொரு கோடையிலும் சொந்தக்காரரையும் சிநேகிதரையும் முறைவைத்து அழைப்பான். மூன்று வருடங்களுக்கு முன் என் முறை வந்தது. நான் கொண்டுபோன, பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த ஒடியல் மாவை விமான நிலையத்தில் ஓர் அதிகாரி பிரித்து, முகர்ந்து, முகத்தைச் சுளித்துத் திருப்பித் தந்தார்.

படகில் அவனுடன் நான், நிரோஷி, அவளுடைய பிரெஞ்சுக் கணவன், கணவனின் தாய் தகப்பன். அந்தக் கடலின் காற்றுக்கும் அன்ரன் எங்கள் பெயர்களையே வைத்திருந்தான். வடக்கிலிருந்து அடித்தால் வாடை, மேற்கிலிருந்து அடித்தால் கச்சான். "கரையிலை இருக்கிறவனுக்குத்தான் கடல் நீலம்" என்பான். நான் கொண்டுபோன ஒடியல் மாவில் கூழ் காய்ச்சினான். சம்பந்தி அம்மா உறைப்பில் கண்ணீர் வழிய இரண்டு பேணி குடித்தார்.

நான்காம் நாள் மத்தியானம் ஒரு சிறு குடாவில் நங்கூரம் போட்டோம். சாப்பாடு முடிந்ததும் நிரோஷி, "அப்பா, சித்தப்பான்ரை கதையை இவைக்குச் சொல்லுங்கோ" என்றாள். அன்ரன் என் பக்கம் திரும்பவில்லை. தொண்டையைச் செருமிவிட்டு ஆரம்பித்தான். அவன் தமிழில் சொல்ல, அவள் பிரெஞ்சில் சொன்னாள்.

போர்க்காலத்தில், விடியற்காலையில், கடனீரேரியைக் கடந்த வள்ளம். கனத்த அலை. வள்ளம் புரண்டது. ஒரு கையால் கவிழ்ந்த வள்ளத்தையும் மறு கையால் தம்பியின் கையையும் பிடித்திருந்த அண்ணன். "அண்ணை, விடாதை" என்ற குரல். வழுக்கிப் போன கை.

அந்த அண்ணன் தான்தான் என்று அன்ரன் சொன்னான். அந்த அண்ணன் நான். போர் முடிந்து அன்ரன் ஊருக்கு வந்திருந்தபோது அவனிடம் மட்டும் சொன்னேன். என் மனைவிக்குக்கூடச் சொன்னதில்லை. "இது என்னோடையே இருக்கும், மச்சான்" என்று அன்று கையைப் பிடித்தவன் அவன்.

ஆளை மாற்றியதோடு இன்னொன்றையும் மாற்றியிருந்தான். அவன் கதையில், அண்ணன் வள்ளத்தை விட்டுவிட்டு மூன்று முறை மூழ்கித் தேடினான். நான் மூழ்கவில்லை. வள்ளத்தைப் பிடித்தபடியே கிடந்தேன். நிரோஷி அழுதாள். சம்பந்தி எழும்பிவந்து அன்ரனைக் கட்டிப்பிடித்தார். நான் கோப்பைகளைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போனேன்.

மறுநாள் காலை தண்ணீர் எடுக்க நாங்கள் இருவரும் சிறு தோணியில் கரைக்குப் போனோம்.

"அது என்ரை தம்பி, அன்ரன்."

"ஓம்" என்றான், துடுப்பை நிறுத்தாமல்.

"நீ அந்த வள்ளத்திலை இருக்கேல்லை."

"இருக்கேல்லைத்தான். நான் பிளேனிலை வந்து கோப்பை கழுவினவன். அப்பா ஏன் ஊரை விட்டு வந்தனீங்கள் எண்டு பிள்ளை கேட்டவள். எனக்குச் சொல்ல ஒண்டும் இருக்கேல்லை, மச்சான். சீலன் எனக்கும் தம்பி மாதிரித்தானே."

"மாதிரி. கையை விட்டது நான்."

"நீ ஆருக்கும் சொல்லமாட்டாய். நானும் சொல்லாட்டி அவனை ஆருக்குத் தெரியும்?"

"பிள்ளையிட்டை உண்மையைச் சொல்லு."

அவன் தலையாட்டினான். "ஏலாது. அவள் என்னை மதிக்கிறதே உதுக்காகத்தான்."

கடலில் கோபித்துக்கொண்டு போக இடமில்லை. மிச்ச நாள்களும் அதே படகில்தான். ஊருக்கு வந்த பிறகு அவன் எடுத்த அழைப்பு ஒன்றுக்கும் நான் பதில் சொல்லவில்லை.

அடக்கம் முடிந்து ஒரு வாரத்தில் நிரோஷி மறுபடி எடுத்தாள். நினைவு மலரில் சித்தப்பாவுக்கும் ஒரு பக்கம் வேண்டும், அவருடைய முழுப்பெயர் என்ன என்று கேட்டாள். பெயரைச் சொன்னேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன், நான் மூழ்காததையும்.

"அப்ப மாமா, நான் இவ்வளவு காலமும் அழுதது ஆருக்கு?"

"என்ரை தம்பிக்குத்தான், பிள்ளை."

"எனக்குச் சொன்னதையே எழுதுங்கோ. நான் ஒண்டையும் வெட்டமாட்டன்" என்றாள். அவள் குரலில் கோபம் இருந்தது. என்மேலா தகப்பன்மேலா என்று நான் கேட்கவில்லை.

ஆகவே எழுதுகிறேன். அன்ரனுக்குத் தம்பி இல்லை. ஜெயசீலன் என் தம்பி, இருபது வயதில் போனவன். அவனை நான் அன்ரனிடமிருந்து திருப்பி எடுத்துக்கொள்கிறேன். மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் அது இன்னொரு கட்டுக்கதையாகிவிடும்.

ஆனால் ஆறாம் நாள், நாங்கள் முகம் கொடுத்துக் கதைக்காத நாள், கரை தெரியாத இடத்தில் அன்ரன் என்னைக் கூப்பிட்டுச் சுக்கானைக் கையில் தந்தான். "பிடி. எனக்கு நித்திரை வருது" என்றான். தளத்திலேயே சரிந்து உண்மையாகவே நித்திரையானான். உள்ளே அவன் மகள் படுத்திருந்தாள். என் கை எதை விட்டது என்று அறிந்த ஒரே மனிதன் அவன், அந்தக் கையில்தான் படகைத் தந்தான். ஒரு மணித்தியாலம், அவன் கண் விழிக்கும்வரை, நான் பிடித்திருந்தேன். அந்த ஒரு மணித்தியாலத்தை அவன் எனக்குத் தந்ததென்று வைத்துக்கொள்கிறேன்.