எங்கள் மிஸ்ஸின் ஒரிஜினல்கள்

பல்லிடுக்கில் நறநறவென்று சிமெண்ட் தூசி...

அரியலூர் ரோட்டில் பஸ்ஸில் போனவர்களுக்கு அந்த ருசி மறக்காது. செந்துறையில் ஏறும்போது வெள்ளையாக இருந்த என் சட்டை, லாரிகளுக்குப் பின்னாலேயே ஊர்ந்து பெரம்பலூர் வந்து சேரும்போது சாம்பல் பூத்திருக்கும். அந்த வெயிலில் அதன்மேல் ஒரு டை வேறு. எம்.பி.ஏ. படிக்கிறோமாம்.

2004. மெயின்ரோட்டை ஒட்டி ஓர் இன்ஜினியரிங் காலேஜ். மெக்கானிக்கல் லேபுக்கு மேல்மாடியில் எங்கள் வகுப்பு. கீழே லேத் ஓடினால் மேலே பெஞ்ச் அதிரும். அந்த அதிர்விலேயே ஹியூமன் ரிசோர்ஸ் மேனேஜ்மென்ட் படித்தோம். "அது என்னடா படிப்பு, ஆளு புடிக்கிற வேலையா?" என்று அப்பா கேட்டார். இப்போது யோசித்தால், பெரிதாகத் தப்பில்லை.

பாடம் எடுத்தவர் கலைச்செல்வி மிஸ். எங்களைவிட நாலைந்து வயசுதான் கூட இருக்கும். ஊர் சிறுவாச்சூர் பக்கம். நாம் ஒரு கிண்டல் அடித்தால் அவர் திருப்பி ரெண்டு அடிப்பார். அதனாலேயே எல்லோருக்கும் அவரைப் பிடிக்கும்.

ஒருநாள் ரிடென்ஷன் பாடம். நல்ல ஊழியர் வேலையை விட்டுப் போகாமல் எப்படித் தக்கவைப்பது... சம்பளம், மரியாதை, பதவி உயர்வு என்று போர்டில் எழுதிக்கொண்டே வந்தார். என் பக்கத்து சீட் மதியழகனுக்கு வாய் சும்மா இருக்காது.

"நம்ம காலேஜ்ல எப்புடி மிஸ் தக்க வைக்கிறாங்க?"

"எங்க ஒரிஜினல் சர்ட்டிபிகேட்டை எல்லாம் வாங்கி பீரோல பூட்டி வச்சிருக்காங்கப்பா. அப்பறம் எங்க போறது?"

வகுப்பே சிரித்தது. மிஸ்ஸும் சிரித்தார். நாங்கள் ஜோக் என்றுதான் நினைத்தோம்.

ஜோக் இல்லை என்பது சில வாரம் கழித்துத் தெரிந்தது. மிஸ் அரசுத் தேர்வு எழுதி பாஸாகியிருந்தார். சென்னையில் சான்றிதழ் சரிபார்ப்பு. பத்தாவது மார்க் ஷீட்டிலிருந்து டிகிரி வரை அத்தனையும் ஒரிஜினலாக வேண்டும், ஜெராக்ஸ் செல்லாது. வேலையில் சேர்ந்த அன்றே காலேஜ் வாங்கி வைத்துக்கொண்டதால் அவர் கையில் ஒன்றுகூட இல்லை. தாளாளரிடம் கேட்டதற்கு, "வருசம் முடியட்டும்மா, பாக்கலாம்" என்றாராம். இதைச் சொல்லும்போது மிஸ் அழுதுவிட்டார். அவர் அழுது நாங்கள் பார்த்ததே இல்லை.

மதியும் நானும் நேராக பிரின்சிபால் ரூமுக்குப் போனோம். ஐம்பதைத் தாண்டியவர். அவர் வராண்டாவில் நடந்தால் மொத்த காலேஜும் அடங்கிவிடும். நாங்கள் சொன்னதை முழுசாகக் கேட்டார். கதவைச் சாத்தச் சொன்னார்.

"என் பிஎச்டியும் அதே பீரோலதாம்ப்பா இருக்கு. நான் போயி என்னன்னு கேக்கறது?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவ்வளவு பெரிய மனிதரையே பூட்டி வைத்திருக்கிறார்கள் என்றால், நாங்கள் படிக்கிற படிப்புக்கு என்னதான் அர்த்தம்?

அந்தச் சமயத்தில்தான் காலேஜ் அங்கீகாரத்துக்காக டெல்லியிலிருந்து இன்ஸ்பெக்‌ஷன் கமிட்டி வந்தது. சுவரெல்லாம் புது பெயிண்ட், வாசலில் வாடகைப் பூந்தொட்டி. கமிட்டியிடம் நேரில் காட்டுவதற்காக அன்றைக்கு மட்டும் பீரோவைத் திறந்து வாத்தியார்கள் கையில் ஒரிஜினலைக் கொடுப்பார்கள். சாயந்திரம் ஆபீஸ் சூப்பிரண்டு திரும்ப வாங்கிவிடுவார். செமினார் ஹாலில் அத்தனை பேரும் மடியில் ஃபைலோடு உட்கார்ந்திருந்தார்கள், பிரின்சிபால் உட்பட.

மிஸ்ஸின் சரிபார்ப்பு மறுநாள் காலை. சத்தியமாக எங்களுக்கு அது உறைக்கவே இல்லை.

கமிட்டி சாப்பிடப் போனது. சூப்பிரண்டு பந்தியைக் கவனிக்க ஓடினார். மிஸ் மாடியேறி எங்கள் வகுப்புக்கு வந்தார். ஃபைலை நெஞ்சோடு அணைத்திருந்தார்.

"மதி, என்னைய உன் பைக்ல மெயின்ரோட்டுல எறக்கி விடுறியா?"

"எங்க மிஸ் போறீங்க?"

"சென்னைக்கு."

நான்தான் கேட்டேன், "சாயந்திரம் ஃபைலைக் கேப்பாங்களே மிஸ்?"

"கேக்கட்டும்."

குரல் கெட்டியாக இருந்தது. மதி முன்னால் இறங்க, மிஸ் பின்னால் போக, நானும் கூடவே போனேன். மாடிப்படி முடிகிற இடத்தில் பிரின்சிபால் நின்றிருந்தார்.

தொலைந்தது என்று நினைத்தேன். அவர் ஃபைலைப் பார்த்தார். பிறகு மிஸ் முகத்தைப் பார்த்தார்.

"சாப்டியாம்மா?"

"இல்ல சார்."

"சரி. வழியில எதாச்சும் சாப்புடு."

சொல்லிவிட்டு ஒதுங்கி வழிவிட்டார். அவர் கையிலும் அப்போது அவருடைய ஃபைல் இருந்தது.

சாயந்திரம் தாளாளர் போட்ட சத்தம் லேத் சத்தத்தை மீறிக் கேட்டது. மதியை ஒரு வாரம் சஸ்பெண்ட் செய்தார்கள். மற்ற வாத்தியார்கள் எல்லோரும் வரிசையாக வந்து ஃபைலைத் திருப்பிக் கொடுத்தார்கள். பிரின்சிபாலும் கொடுத்தார்.

இப்போது நானும் சென்னையில் ஹெச்.ஆர்.தான். வேலைக்கு வருகிற பிள்ளைகள் சான்றிதழை போனிலேயே அனுப்பிவிடுகிறார்கள். ஒரிஜினலை வாங்கிப் பூட்டுவார்கள் என்று சொன்னால், "அதெப்படி சார் குடுப்பாங்க?" என்று சிரிக்கிறார்கள். மிஸ் இன்று பெரிய அதிகாரி. இந்தப் பதிவின் கீழேயே வந்து என்னைக் கிண்டல் அடித்தாலும் அடிப்பார். அந்த தைரியத்தை நினைத்தால் இன்றும் பெருமையாக இருக்கிறது.

பிரின்சிபால் சாரைப் பற்றித்தான் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நாங்கள் படித்து முடித்துச் சில வருஷம் கழித்து, வேலையில் இருக்கும்போதே மாரடைப்பில் போய்விட்டார். அரியலூரில் இருக்கும் மதி காரியத்துக்குப் போய்வந்து எனக்கு போன் செய்தான். பேசி முடிக்கும்போது சொன்னான்...

"சாரோட ஒரிஜினலை குடுத்துட்டாங்கடா. அவரு சம்சாரம் போயி கையெழுத்துப் போட்டு வாங்கியாந்தாங்க."