இபாவின் ‘கோ மேய்’

மெஸ்ஸில் மிளகாய் வறுக்கும் நெடி மாடிக்கு ஏறி வரும். அடுத்த நொடி எங்கள் அறையிலிருந்து ஒரு சத்தம் கிளம்பும்.

“ஷிஷ்!”

அது இபா. ஷில்லாங்கிலிருந்து திண்டுக்கல்லுக்குப் படிக்க வந்த காஸி இனப் பெண். கல்லூரி விடுதியில் என் அறைத்தோழி. இதெல்லாம் நடந்து இருபத்தைந்து வருடம் இருக்கும்...

முதல் நாளே மெஸ் செல்லம்மாக்கா அவளைப் பிடித்துக்கொண்டார். “காசியிலருந்தா வந்திருக்க தாயி? கங்கா தண்ணி கொண்டாந்தியா?”

மேகாலயா, மலை, மழை என்று நான் விளக்கி முடித்ததும், “அடியாத்தி, அம்புட்டுத் தூரமா!” என்றார்.

இபாவுக்கு அந்த ‘அடியாத்தி’ பிடித்துப் போயிற்று. அன்றே பண்டமாற்று தொடங்கிவிட்டது. அவளுக்கு அடியாத்தி, எனக்கு ஷிஷ். ஐயோ, சே, பாவம்... எல்லாவற்றுக்கும் அந்த ஒரு ஷிஷ் போதும். நம்ப முடியாத சேதி என்றால் “ஷிஷா?”, அதாவது ‘நெசமாவா?’

‘கோ மேய்’ என்பது அம்மாவைக் கூப்பிடுவது. கதவில் கால் இடித்தாலும், சட்னி உறைத்தாலும், பல்லி விழுந்தாலும் அவள் போடும் “கோ மேய்!” கீழே வாட்ச்மேன் வரை கேட்கும்.

இரண்டாம் வருடம், செமஸ்டர் பரீட்சை நாள். காலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தாள். “ஒண்ணும் இல்ல... கேஸ்தான்” என்றாள். ஆஸ்பத்திரிக்குப் போனால் பரீட்சை போய்விடும் என்ற பயம். வார்டன் எட்டிப் பார்த்து, “ஓம வாட்டர் குடுங்கடி, சரியாப் போயிரும்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் ஹால் டிக்கெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். வாசலைத் தாண்டும்போது பின்னாலிருந்து கேட்டது.

“கோ மேய்...”

வெறும் மூச்சு மாதிரி. சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

அவள் அதை மெதுவாகச் சொல்லி நான் கேட்டதே இல்லை.

நேராக வார்டன் முன்னால் போய் நின்றேன். “மேடம், இபாவ இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும்.”

“அவளே ஒண்ணுமில்லங்கிறா. நீ என்ன டாக்டரா?”

“இல்ல மேடம். ஆனா அவ மெதுவாச் சொல்றா.”

என்ன புரிந்ததோ, என் முகத்தைப் பார்த்துவிட்டு ஆட்டோவுக்கு ஆள் அனுப்பினார். செல்லம்மாக்கா அடுப்பை அணைத்துவிட்டு எங்களோடு ஏறிக்கொண்டார்.

அப்பெண்டிக்ஸ். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் வெடித்திருக்குமாம். மதியமே ஆபரேஷன் முடிந்தது. எங்கள் இரண்டு பேருக்கும் அந்தப் பேப்பர் அரியர்.

மூன்றாம் நாள் நர்ஸ் பிளாஸ்திரியை உரித்தபோது “கோ மேய்!” என்று ஒரு கத்து கத்தினாள். வார்டே திரும்பிப் பார்த்தது. செல்லம்மாக்கா மேலே பார்த்துக் கும்பிட்டார். “அப்பாடா... சத்தம் வந்துருச்சு. இனி பொழச்சுக்கிருவா.”

காஸி மொழியில் ஒரு வாக்கியம்கூட எனக்கு முழுதாகச் சொல்ல வராது. ஆனால் நான் வாங்கிய மார்க்குகளை எல்லாம் விட, எழுதாமல் விட்ட அந்தப் பரீட்சைதான் இன்றைக்கும் எனக்குப் பெருமை.

இபா இப்போது ஷில்லாங்கில் டீச்சர். தினமும் வாட்ஸ்அப்பில் பேசிக்கொள்கிறோம். வியப்பு, வருத்தம், சிரிப்பு... எல்லாவற்றுக்கும் மஞ்சள் முகங்கள்தான். போன வாரம் காய்ச்சல் என்றாள். எப்படி இருக்கிறது என்று கேட்டேன். ஒரு சிரிக்கும் முகம் வந்தது.

எனக்கு அது போதவில்லை. போன் போட்டேன்.

“அடியாத்தி! க்ளாஸ் நேரத்துல என்னடி?” என்று அவள் போட்ட சத்தத்தில் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தேன்.

நன்றாகத்தான் இருக்கிறாள்.